347 ரூபாய் 12 அணா: தர்மத்துக்குக் கணக்கு கேட்டா தப்பா?



மார்ச் மாசம் வந்தா போதும், ஒரே கேள்வி வேற வேற ஆட்கள்கிட்ட இருந்து வரும். "80ஜி-க்கு நல்ல டிரஸ்ட் ஒண்ணு சொல்லுங்க, இந்த வாரத்துக்குள்ள ரசீது வேணும்." ஆபீஸ்ல புரூஃப் கேட்கிறாங்க, வரி மிச்சம் பண்ணணும், அதனால தர்மம். நான் குறை சொல்லல. எந்தக் காரணத்துக்காகக் கொடுத்தாலும் அங்கே ஒரு பிள்ளைக்கு வயிறு நிறையும். ஆனா ஒரு மியூச்சுவல் ஃபண்ட் எடுக்க மூணு மாசம் யோசிக்கிற நாம, நன்கொடை கொடுக்க மூணு நிமிஷம் யோசிக்கிறதில்லை. எஸ்ஐபி-க்கு எக்ஸெல் ஷீட் வச்சிருக்கிறவர்கிட்ட "போன வருஷம் மொத்தம் எவ்வளவு தர்மம் பண்ணீங்க, அது என்ன ஆச்சு?"ன்னு கேட்டுப் பாருங்க. முழிப்பார். நானும் ரொம்ப நாள் அப்படி முழிச்சவன்தான்.

இந்தப் பதிவில் நான் சொல்ல வர்றது இதுதான்: கொடுக்கிறதுக்கும் திட்டம் வேணும், கொடுத்த பிறகு கணக்கும் கேட்கணும். "கொடுத்துட்டோம், அப்புறம் அவங்க பாவம் புண்ணியம்"னு ஒதுங்குறது பெருந்தன்மை மாதிரி தெரியும். எனக்கு அது சோம்பேறித்தனமாத்தான் படுது. இதுக்கு எங்க தூத்துக்குடியிலயே ஒரு பழைய கதை இருக்கு.

வ.உ.சி. பேரைச் சொன்னா எல்லாருக்கும் கப்பல்தான் ஞாபகம் வரும். 1906-ல் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி. ஒரு பங்கு 25 ரூபாய், 40,000 பங்கு, ஆக 10 லட்சம் ரூபாய் மூலதனம்னு திட்டம். வெள்ளைக்காரக் கம்பெனியை எதிர்த்து தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் நடுவில் கப்பல் விட ஊர் ஊராப் போய் பணம் திரட்டினவர். 1908-ல் கைது பண்ணாங்க, இரட்டை ஆயுள் தண்டனை கொடுத்தாங்க, அப்பீல்ல குறைஞ்சது. 1912 டிசம்பரில் வெளியே வந்தப்போ கையில் எதுவும் இல்லை. கம்பெனியை 1911-லயே கலைச்சாச்சு. வக்கீல் சன்னதும் போச்சு. சென்னைக்குக் குடிபோய் குடும்பத்தோட திண்டாடினார்.

அவருக்காகத் தென்னாப்பிரிக்காவில் இருந்த தமிழர்கள் பணம் சேர்த்தாங்க. அங்கே உழைச்சுப் பிழைக்கப் போன சனங்க, கடல் தாண்டி ஊர்க்காரர் ஒருத்தருக்காக ஒதுக்கின காசு. யார்கிட்ட கொடுத்து அனுப்புறது? அங்கே எல்லாரும் நம்புற ஆள் ஒருத்தர் இருந்தார். காந்தி. அவர்கிட்ட ஒப்படைச்சாங்க.

பணம் வ.உ.சி.க்குப் போய்ச் சேரல.

1915 ஜனவரியில் காந்தி இந்தியா திரும்பினார். ஏப்ரலில் சென்னை வந்தப்போ ரெண்டு பேருக்கும் நடுவில் கடிதப் போக்குவரத்து ஆரம்பிச்சது. உங்களுக்காக என்கிட்ட கொடுத்த பணம் உங்களுக்கு வந்து சேர்ந்ததான்னு காந்தியே விசாரிக்கிறார். வரலைன்னு வ.உ.சி. எழுதுறார். தன் நெருக்கடியையும் மறைக்கல. அந்தப் பணத்தை வேண்டாம்னு சொல்ற நிலைமையில் அவர் இல்லை. அப்புறம் கடிதத்துக்கு மேல கடிதம். கடைசியில் 1916 தொடக்கத்தில்தான் பணம் கைக்கு வந்தது. 347 ரூபாய் 12 அணா. இந்தக் கடிதங்களை எல்லாம் தேடி எடுத்து, இந்தத் தொகையையே தலைப்பில் வச்சு வரலாற்றாசிரியர் ஆ. இரா. வேங்கடாசலபதி ஒரு புத்தகமே எழுதியிருக்கார்.

தயவு செஞ்சு யாரும் "காந்தி பணத்தை அமுக்கிட்டார்"னு கமெண்ட்ல சண்டை போடாதீங்க. அப்படி இல்லவே இல்லை. எனக்கு இந்தக் கதையில் முக்கியமாப் படுறதே அதுதான். கொடுத்தவங்க நல்லவங்க. நடுவில் வாங்கி வச்சவர் உலகமே நம்பின மனுஷன். வாங்க வேண்டியவர் தகுதியானவர். மூணு பேர்ல யார் மேலயும் கெட்ட எண்ணம்னு ஒண்ணு கிடையாது. அப்படியும் பணம் வருஷக்கணக்கா நடுவழியில் நின்னது. அதே நேரத்தில் சென்னையில் ஒரு குடும்பம் அரிசிக்குக் கஷ்டப்பட்டுட்டு இருந்தது.

இதில் இன்னொரு வேடிக்கை. பொதுப்பணக் கணக்கு விஷயத்தில் காந்தி மாதிரி கறாரான ஆள் அபூர்வம். 1894-ல் நேட்டால் இந்தியன் காங்கிரஸ் ஆரம்பிச்சப்போ, வாங்குற ஒவ்வொரு காசுக்கும் ரசீது, ஒவ்வொரு செலவுக்கும் எழுத்து. ஒழுங்கான கணக்கு இல்லாத பொது அமைப்பு நிக்காதுன்னு சுயசரிதையிலேயே எழுதியிருக்கார். மாசச் சந்தா வசூல் சரிப்பட்டு வரலைன்னு பார்த்து வருஷச் சந்தாவா மாத்தினதையும் அதே இடத்தில் சொல்றார். அமைப்பாக இருந்த இடத்தில் கணக்கு நின்னுச்சு. ஒரு தனி மனுஷர்கிட்ட, ஒரு தனி மனுஷருக்காகக் கொடுத்த பணத்தில் அதே காந்திக்குத் தடுமாறுச்சு. அவருக்கே இப்படின்னா நம்ம தெரு வாட்ஸ்அப் குரூப் அட்மின் எந்த மூலைக்கு?

2023 டிசம்பர் வெள்ளத்தை நினைச்சுப் பாருங்க. 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் கிட்ட மழை. ஏரல், ஸ்ரீவைகுண்டம் எல்லாம் தண்ணிக்குள்ள. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷன்ல ரயிலே நின்னு நூத்துக்கணக்கான பயணிகள் மாட்டிக்கிட்டாங்க. அந்த வாரம் நம்ம எல்லாருடைய போன்லயும் ஏதாவது ஒரு கியூஆர் கோடு வந்துச்சு. பாதிப் பேர் யாருன்னே தெரியாத நம்பருக்கு 500, 1,000-னு தட்டிவிட்டோம். நானும் தட்டிவிட்டேன். அந்த நேரத்தில் தணிக்கை அறிக்கை கேட்டு உட்கார முடியாது, சரி. ஆனா ஒரு மாசம் கழிச்சாவது "அந்தப் பணத்துல என்ன வாங்கினீங்க?"ன்னு நம்மில் எத்தனை பேர் கேட்டோம்? உண்மையா ராத்திரி பகலா படகு எடுத்துட்டு ஓடின பசங்களுக்கு அந்தக் கேள்வி ஒரு பாரமே இல்லை. சந்தோஷமா பில்லை எடுத்துக் காட்டுவாங்க.

இந்தக் கடற்கரையில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் (கடைசியா நடந்தது 1961-ல்) சிப்பியைத் திறக்காமலே ஆயிரம் ஆயிரமா ஏலம் விடுவாங்க. உள்ளே முத்து இருக்கா, வெறும் சதைதானான்னு வாங்குறவருக்குத் தெரியாது. வியாபாரத்தில் அது சரி, தெரிஞ்சே எடுக்கிற ரிஸ்க். தர்மத்தில் மூடின சிப்பியை வாங்க வேண்டிய கட்டாயம் நமக்கு இல்லை. திறந்து காட்டச் சொல்லலாம்.

சரி, திட்டம் போட்டுக் கொடுக்கிறதுன்னா எப்படி? வெளிநாட்டுப் புத்தகம் எல்லாம் தேட வேண்டாம். தெற்குச் சீமையில் வளர்ந்தவங்களுக்கு "மகமை"ங்கிற வார்த்தை தெரிஞ்சிருக்கும். மண்டி பில்லுல தரகு, கூலிக்குப் பக்கத்துல மகமைன்னு ஒரு சின்னத் தொகை எழுதுவாங்க. விருதுநகர், சிவகாசி, அருப்புக்கோட்டைப் பக்கம் நாடார் வியாபாரிகள் பல தலைமுறையா நடத்தின ஏற்பாடு இது. வர்ற மூட்டைக்கும் போற மூட்டைக்கும் இவ்வளவுன்னு ஒரு சிறு தொகை. வருஷக் கடைசியில் லாபத்தைப் பார்த்து மனசு வந்தா கொடுக்கிறது இல்லை, வியாபாரம் நடக்கும்போதே கழிஞ்சிடும். அந்தப் பணம் உறவின்முறையின் பொது நிதிக்குப் போகும். சரக்கைப் பத்திரமா வைக்கிற பேட்டை, கோயில், கிணறு, பள்ளிக்கூடம் எல்லாம் அதிலிருந்து வந்தது. 1880-களில் விருதுநகரில் தொடங்கின சத்திரிய வித்யாசாலை பள்ளிக்கு மகமையோட பிடி அரிசியும் சேர்ந்துச்சு. வீட்டில் சோறு வடிக்க அரிசி எடுக்கும்போது ஒரு பிடி தனியா ஒரு பானையில். அது பள்ளிக்கு. காமராஜர் படிச்ச பள்ளி அது. பின்னாடி அவர் முதலமைச்சரா 1956-ல் எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கினப்போ, ஆரம்பத்தில் அதுவும் ஊர்க்காரங்க பங்களிப்போட கை கோத்துத்தான் ஓடுச்சு. பிடி அரிசியில் படிச்ச பையனுக்கு அந்த யோசனை எங்கிருந்து வந்திருக்கும்னு தனியா ஆராய்ச்சி பண்ண வேண்டியதில்லை.

இதே சேர்த்து வைக்கிற பழக்கம் இருந்த வியாபாரிகள்தான் 1921-ல் தூத்துக்குடியில் நாடார் பேங்க் ஆரம்பிச்சாங்க. 1962-ல் அது தமிழ்நாடு மெர்க்கன்டைல் பேங்க் ஆச்சு. வங்கி தர்மம் இல்லைதான், ஆனா மூட்டைக்கு இவ்வளவுன்னு கணக்கு எழுதிப் பழகின கைக்கு வங்கி லெட்ஜர் ஒண்ணும் புதுசு கிடையாது.

மகமையில் எனக்குப் பிடிக்காததும் உண்டு. அது சாதிக்குள்ள வசூலாகி, பெரும்பாலும் சாதிக்குள்ளேயே செலவான பணம். கொடுக்க மாட்டேன்னு சொன்னா ஊர்ல பேரு கெடும், அதனால விருப்பம்கிறதுக்கும் கட்டாயத்துக்கும் நடுவில் இருந்தது. நம்ம கடற்கரை ஊர்களில் மீன்பாட்டில் கோயிலுக்கு ஒரு பங்கு எடுக்கிற வழக்கத்திலும் இதே பிரச்சினைதான். பாடு இல்லாத நாளிலும் பங்கு கேட்டா மீனவருக்குக் கோபம் வரத்தான் செய்யும். அதனால மகமையோட இயந்திரத்தை மட்டும் எடுத்துக்கோங்க, வேலியை விட்டுடுங்க. வருமானம் வரும்போதே கழிக்கிறது, சதவீதத்தில் கழிக்கிறது, எழுதி வைக்கிறது. இந்த மூணும் போதும்.

நான் இப்ப பண்றது இது. சம்பளம் வர்ற அன்னைக்கே 2 சதவீதம் தனி சேவிங்ஸ் அக்கவுண்டுக்குப் போயிடும். 50,000 சம்பளம்னா 1,000 ரூபாய். வருமானம் குறைஞ்சா அதுவும் தானா குறையும், பழைய மீன்பாட்டுச் சண்டை இங்க வராது. அதில் முக்கால்வாசி ரெண்டே ரெண்டு அமைப்புக்கு, மாசாமாசம் ஆட்டோ டெபிட். மிச்சம் திடீர் செலவுக்கு: வெள்ளம், பக்கத்து வீட்டு ஆஸ்பத்திரிச் செலவு, கோயில் கொடை, ஸ்கூல் ஃபீஸ். காந்திக்கு மாச வசூல் சரிப்படாததுக்குக் காரணம், மாசாமாசம் வீடு வீடா ஆள் போகணும். நமக்கு அந்தச் சிக்கல் இல்லை, யுபிஐ மாண்டேட் தானா போயிடும். வாங்குற அமைப்புக்கும் நிம்மதி. டிசம்பர்ல கொட்டுற 12,000-ஐ விட மாசம் தவறாம வர்ற 1,000-ஐ நம்பித்தான் ஒரு டீச்சரை வேலைக்கு எடுக்க முடியும்.

ஏன் ரெண்டு அமைப்பு மட்டும்? இருபது இடத்துக்கு நூறு நூறா அனுப்பினா ஒரு இடத்துக்குக்கூட நேரில் போய்ப் பார்க்க மாட்டோம். ரெண்டுன்னா வருஷத்துக்கு ஒரு தடவை போகலாம். போனா சமையலறையையும் பாருங்க, கணக்கர் மேசையையும் பாருங்க. தணிக்கை செஞ்ச கணக்கு கேளுங்க. 80ஜி பதிவு இப்ப நடப்பில் இருக்கான்னு வருமான வரித்துறை இணையதளத்தில் தேடலாம். கேட்டதும் முகம் சுளிச்சா, அடுத்த ஆளைப் பாருங்க, அவ்வளவுதான்.

ஒரு விஷயத்தில் நான் பலரோட மாறுபடுறேன். "நிர்வாகச் செலவே இல்லாத டிரஸ்ட் சொல்லுங்க"ன்னு கேட்கிறாங்க. நிர்வாகச் செலவு பூஜ்யம்னா கணக்கு எழுத ஆள் இல்லைன்னு அர்த்தம். ஒரு நல்ல கணக்கருக்குச் சம்பளம் கொடுக்கிற அமைப்பு எனக்கு அதிக நம்பிக்கை தருது. அன்னைக்கு அந்த 347 ரூபாய்க்கு யாராவது ஒருத்தர் ஒரு நோட்டில் ஒரு வரி எழுதி, அதைப் பின்தொடர்றதே வேலையா இருந்திருந்தா வ.உ.சி. அத்தனை கடிதம் எழுதிக் காத்திருக்க வேண்டி இருந்திருக்காது.

வரி விஷயத்தைச் சுருக்கமா முடிச்சிடுறேன், ஏன்னா அதுக்கு இருக்கிற பில்டப் அளவுக்கு அதில் சரக்கு இல்லை. 80ஜி சலுகை பழைய வரி முறையில் இருக்கிறவங்களுக்குத்தான். புது முறைக்கு மாறியிருந்தா ஒரு பைசா கிடையாது. பழைய முறையிலும் பெரும்பாலான டிரஸ்டுகளுக்குக் கொடுக்கிறதில் பாதித் தொகைதான் கழிக்கலாம், அதுக்கும் வருமானத்தில் 10 சதவீதம்னு ஒரு உச்சவரம்பு. 10,000 கொடுத்தா 5,000 கழியும். 20 சதவீத வரம்பில் இருக்கிறவருக்கு செஸ் சேர்த்து மிச்சம் 1,040 ரூபாய். முதலமைச்சர் நிவாரண நிதி, பிரதமர் தேசிய நிவாரண நிதி மாதிரி சிலதுக்கு மட்டும் முழுத் தொகையும் கழியும். ரொக்கமா 2,000-க்கு மேல கொடுத்தா சலுகை இல்லை. அரிசி மூட்டை, துணிமணி, பழைய லேப்டாப்புக்கும் இல்லை. சாதா ரசீதும் போதாது, அந்த அமைப்பு வருமான வரித்துறையில் கணக்குத் தாக்கல் பண்ணி எடுத்துத் தர்ற 10பிஇ சான்றிதழ் வேணும். மார்ச் 31 ராத்திரி அவசர அவசரமா கொடுக்கிறவங்களுக்கு இது வர்றதே மே கடைசியில்தான். ஆக 1,040 ரூபாய்க்காகக் கொடுக்கிறதா இருந்தா அந்த 10,000-ஐக் கையில் வச்சிருக்கிறதே லாபம். கொடுக்கணும்னு இருந்தா வரியை மறந்துட்டுக் கொடுங்க.

வெளிநாட்டில் இருக்கிற நம்ம ஆட்களுக்கு ஒரு வரி. இந்தியப் பாஸ்போர்ட் வச்சிருக்கிற என்ஆர்ஐ தன் சேமிப்பிலிருந்து முறையா வங்கி மூலமா அனுப்பினா அது வெளிநாட்டு நன்கொடையாகக் கணக்கில் வராது. குடியுரிமை மாத்திட்டா, ஓசிஐ கார்டு இருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடைதான். வாங்குற அமைப்புக்கு எஃப்சிஆர்ஏ அனுமதி இருக்கணும். தெரியாம அனுப்பி ஒரு நல்ல டிரஸ்டை மாட்டி விட்டுடாதீங்க.

இப்ப பெரிய தொகைக்கு வருவோம். நம்ம ஊர்ல பலருக்கு ஒரு ஆசை உண்டு. அப்பா அம்மா நினைவு நாளில் வருஷாவருஷம் அன்னதானம் நடக்கணும், அதுக்கு ஒரு லட்சம் டெபாசிட் போட்டுடலாம்னு. கோயில்களில் இதைக் கட்டளைன்னு சொல்வாங்க. அறக்கட்டளைங்கிற வார்த்தைக்குள்ளேயே அந்தக் கட்டளை உட்கார்ந்திருக்கு பாருங்க. இந்தப் பணத்தை இந்தக் காரியத்துக்குத்தான் செலவழிக்கணும்னு கொடுத்தவர் போடுற உத்தரவு.

ஆனா கணக்கு போட்டுப் பாருங்க. ஒரு லட்சத்துக்கு 7 சதவீத வட்டின்னா வருஷம் 7,000. இன்னைக்கு அதில் நிறைவா ஒரு வேளை சாப்பாடு போடலாம். விலைவாசி வருஷம் 6 சதவீதம் ஏறினா, 20 வருஷம் கழிச்சு அதே 7,000-க்கு இன்னைய மதிப்பில் 2,200 ரூபாய் சாமான்தான் வரும். இலை இருக்கும், பாயசம் இருக்காது. டெபாசிட்டோட மதிப்பு குறையாம நிக்கணும்னா வட்டியில் 6,000-ஐத் திரும்ப முதலோட சேர்த்துட்டு 1,000 மட்டும்தான் செலவழிக்கணும். இதை யாரும் சொல்றதில்லை. டெபாசிட் வாங்குறவங்களும் சொல்றதில்லை, பாவம் அவங்களுக்கும் அப்புறம்தான் தெரியுது. காந்தி பொது அமைப்புகள் நிரந்தர மூலதனத்தில் ஓடக்கூடாது, வருஷாவருஷம் மக்கள் கொடுக்கிறதில்தான் ஓடணும்னு சொன்னதுக்கு அவர் காட்டின காரணம் வேற. பணம் பத்திரமா இருந்தா மக்களுக்குப் பதில் சொல்ற பழக்கம் போயிடும்ங்கிறது அவர் வாதம். அதில் எனக்குப் பாதி உடன்பாடு. ஆதரவற்ற பிள்ளைகள் விடுதி மாதிரி இடத்துக்குக் கொஞ்சம் மூலதனம் இருந்தே ஆகணும். ஒரு கெட்ட வருஷம் வந்தா பிள்ளைகளைப் பட்டினி போட முடியாது. ஆனா உங்க பேரைக் கல்வெட்டில் பொறிக்கிறதுக்காக வட்டியைப் பூட்டி வைக்காதீங்க. "20 வருஷத்துக்குள்ள அசலையும் சேர்த்துச் செலவழிச்சுக்கலாம்"னு எழுதிக் கொடுத்தா அந்தப் பணம் உண்மையிலேயே சாப்பாடாகும்.

உயிலைப் பத்தி ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, எங்க தெருவில் நடந்தது. ரிட்டயர்டான ஒரு பெரியவர், மனைவி இல்லை, பிள்ளை இல்லை. "எனக்கு அப்புறம் இந்த எஃப்டி எல்லாம் அந்தப் பிள்ளைங்க விடுதிக்குத்தான் தம்பி"ன்னு பார்க்கும்போதெல்லாம் சொல்வார். விடுதிக்காரங்களுக்கும் தெரியும். எழுதல. "எழுதலாம் எழுதலாம்"னே ஒரு நாள் போயிட்டார். பணம் சட்டப்படி வாரிசுகளுக்குப் போச்சு. அவங்க மேல தப்பே இல்லை, அவங்களுக்கும் கடன் இருந்தது. விடுதியில் புதுசா ஒரு அறை கட்டலாம்னு இருந்தாங்க. அது இன்னும் கம்பி நீட்டிக்கிட்டு நிக்குது.

நம்ம கடற்கரையில் கிறிஸ்தவக் குடும்பங்கள் அதிகம். அவங்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கலே இருந்தது. 1925-ம் வருஷ இந்திய வாரிசுரிமைச் சட்டம், 118-ம் பிரிவு. அண்ணன் தம்பி, அக்கா தங்கச்சி பிள்ளைகளோ அதைவிட நெருங்கின உறவோ இருக்கிற ஒரு கிறிஸ்தவர் தர்மத்துக்கோ சமயக் காரியத்துக்கோ உயில் எழுதினா, சாகுறதுக்கு 12 மாசம் முன்னாடியே எழுதியிருக்கணும், எழுதின ஆறு மாசத்துக்குள்ள சட்டம் சொல்ற பாதுகாப்பு இடத்தில் ஒப்படைச்சிருக்கணும். இல்லைன்னா செல்லாது. கேரளத்தைச் சேர்ந்த ஜான் வள்ளமட்டம் என்கிற பாதிரியார் வழக்குப் போட்டு, 2003 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவைச் செல்லாதுன்னு தீர்ப்பு சொன்னது. ஒரு சமயத்தாருக்கு மட்டும் இப்படி ஒரு தடை எதுக்குன்னு நீதிபதிகள் கேட்டது நியாயம். இன்னமும் சிலர் பழைய விதியை நினைச்சுக்கிட்டு "நமக்குச் செல்லாதாமே"ன்னு எழுதாம இருக்காங்க. இப்ப அந்தத் தடை இல்லை.

ஆனா அந்தச் சட்டத்துக்குப் பின்னால இருந்த பயம் பொய்யில்லைங்க. சாகக் கிடக்கிறவர் தலைமாட்டில் உட்கார்ந்து எழுதி வாங்கிட்டாங்கன்னு உறவுக்காரங்க சந்தேகப்படுறது எல்லாச் சாதியிலும் எல்லா மதத்திலும் நடக்கும். அதுக்கு ஒரே மருந்து, நல்லா நடமாடும்போதே எழுதி, வீட்டில் உட்கார வச்சுச் சொல்லிடுறது. "இந்த 10 சதவீதம் அந்தப் பள்ளிக்கு, மிச்சம் உங்களுக்கு"ன்னு வாயால் சொன்னா கொஞ்ச நாள் முகம் தூக்குவாங்க, அப்புறம் பழகிடும். நீங்க போன பிறகு தெரிஞ்சா கோர்ட்டுக்குப் போவாங்க.

முஸ்லிம் வாசகர்களுக்கு, கடனும் அடக்கச் செலவும் போக மிச்சத்தில் மூணில் ஒரு பங்குக்கு மேல உயில் எழுத வாரிசுகளின் சம்மதம் வேணும். இந்துக்கள் சொந்தமா சம்பாதிச்சதை யாருக்கும் எழுதலாம், பூர்வீகச் சொத்தில் தன் பங்கை மட்டும்.

வெள்ளைத் தாள் போதும், முத்திரைத்தாள் வேண்டாம். உங்க கையெழுத்தைப் பார்த்த ரெண்டு சாட்சிகள் வேணும். அந்த டிரஸ்ட் ஆளையே சாட்சியாப் போடாதீங்க. பதிவு கட்டாயமில்லை, ஆனா தர்மத்துக்கு எழுதும்போது பதிவு பண்ணிடுறது நல்லது, பின்னாடி கேள்வி வந்தா பதில் இருக்கும். அமைப்போட பேரைப் பேச்சு வழக்கில் எழுதாதீங்க. "பீச் ரோட்டுல இருக்கிற அநாதை இல்லம்"னு எழுதி வச்சா மூணு இல்லம் உரிமை கொண்டாடும். பதிவுப் பேர், பதிவு எண், பான் நம்பர், முகவரி. அந்த அமைப்பு மூடிட்டா எந்த மாதிரி காரியத்துக்குப் போகணும்னு அடுத்த வரியிலேயே எழுதுங்க. தொகையா எழுதாம சதவீதமா எழுதுங்க, மகமை மாதிரி. பழைய வீட்டை அப்படியே எழுதி வைக்காதீங்க. வாடகைக்காரர், வரி பாக்கி, பட்டா சிக்கல் எல்லாம் சேர்ந்து அந்த விடுதி வார்டன் தலையில் விழும். வித்துப் பணமாக் கொடுக்கணும்னு உயிலை நிறைவேத்துறவருக்கு எழுதிட்டுப் போங்க. வங்கி டெபாசிட் நாமினி விஷயத்தையும் குழப்பிக்காதீங்க. நாமினியா ஒரு தனி நபரைத்தான் போட முடியும், அவர் பணத்தை வாங்கிக் கொடுக்க வேண்டிய ஆள், சொந்தக்காரர் இல்லை. யாருக்குச் சொந்தம்னு சொல்றது உயில்தான்.

என் உயில் ரெண்டு பக்கம். போன மாசமே டைப் அடிச்சாச்சு, சாட்சிக் கையெழுத்து மட்டும் பாக்கி. ஞாயித்துக்கிழமை ரெண்டு நண்பர்களை வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கேன். மக்ரூன் என் செலவு. அதோட மாதிரி வரைவை, என் சொந்த விவரத்தை எல்லாம் அழிச்சுட்டு, அடுத்த வீடியோவுக்குக் கீழே போடுறேன். எடுத்து உங்க பேரைப் போட்டு எழுதிக்கோங்க.